மாட்டுக் கழுத்துப்பட்டை தைக்க எந்த மிஷின் வாங்கலாம்?

கேள்வி: தோவாளை பக்கம் மாட்டுப்பண்ணை வச்சிருக்கோம், கழுத்துப்பட்டைய நாங்களே தோல்ல தைக்கலாம்னு பாக்கோம், ரெண்டு மடிப்பு சேந்தா 6 மிமீ வருது, வீட்டு மிஷின்ல ஊசி ஒடியுது. என்ன வாங்கலாம்?

பதில்: வாக்கிங் ஃபுட் மிஷின் பாருங்கண்ணே, ஜூக்கி கம்பெனியோட 1541 மாடல் மாதிரி. அதுல கீழ உள்ள பல்லு, ஊசி, பாதம் மூணும் சேந்து தோலை நகத்தும், மேல் மடிப்பு பின்னால தங்காது. சர்வோ மோட்டார் போட்டா மெதுவா தைக்கலாம், கிளட்ச் மோட்டார்னா படக்குனு ஓடிரும்.

இன்னொரு பதில்: ஊசியும் தோல் ஊசியா வாங்குங்க, முனை தோலை வெட்டிட்டு இறங்கும், 22 இல்லன்னா 23 சைஸ். நூலு பாண்டட் நைலான் (இழை பிரியாம ஒட்டுன நைலான் நூலு), 138 சைஸ். பருத்தி நூலு வேண்டவே வேண்டாம், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் உண்டுல்லா, ஈரத்துல இத்துப் போவும். வளையம் மாட்டுற இடத்துல தையலை மட்டும் நம்பாம ரிவெட்டும் அடிச்சிருங்க, மாடு இழுக்கது பூரா அங்கதான்.

கேட்டவர்: ரொம்ப நன்றிண்ணே, செகண்ட் ஹேண்ட்ல 1541 கிடைக்குதான்னு விசாரிக்கேன்.