காய்ந்த ரோஜாவில் பூச்சிமருந்து எச்சம்: எங்கே சோதிக்கலாம்?

வணக்கம். ஆவாரம்பூ, சங்குப்பூ, பன்னீர் ரோஜா ஆகியவற்றை நிழலில் உலர்த்தி, தேநீருக்காகச் சிறிய அளவில் விற்கிறோம். ஆவாரம்பூ தரிசில் பறிப்பது, அதில் பயமில்லை. ரோஜாதான் உறுத்துகிறது. மாலைக்கென்று வளர்க்கும் தோட்டத்துப் பூ. இலைப்பேனுக்கு மருந்தடித்த மறுநாளே பறித்துவிடுகிறார்கள். காயும்போது ஈரம் போய் எடை பல மடங்கு குறைகிறது, மருந்தோ பெரும்பாலும் இதழிலேயே தங்கிவிடுகிறது. கர்ப்பிணிகளும் வாங்கிக் குடிக்கிறார்கள். கழுவினால் போதும் என்று விட மனசு வரவில்லை.

என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில், காய்ந்த பூவை வாங்கிச் சோதித்துத் தருபவர்கள் யாரையாவது தெரியுமா? பல மருந்துகளின் எச்சத்தை ஒரே சோதனையில் கண்டறியும் எல்சி-எம்எஸ், ஜிசி-எம்எஸ் கருவிகள் இரண்டிலும் பார்க்க வேண்டும். மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி அந்தப் பொதுச் சோதனையில் சிக்காது, தனியாகக் கேட்க வேண்டும். அதற்கும் சேர்த்து எவ்வளவு ஆகும், எத்தனை கிராம் அனுப்பணும்?

அப்புறம், தனி வரம்பு இல்லாத மருந்தின் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்கிறது எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்). 2024-இல் மசாலா, சமையல் மூலிகைகளுக்கு மட்டும், இங்கே பதிவாகாத மருந்துகளுக்கு அதை 0.1 ஆக்கினார்கள். பூந்தேநீருக்கு எது பொருந்தும்? சோதனை செய்தவர்கள் சொல்லுங்கள். முடிவு வரும்வரை ரோஜா விற்பனையை நிறுத்தி வைத்திருக்கிறோம்.