மறைந்த வகுப்புத் தோழருக்கு எவ்வகையில் நினைவு செய்யலாம்?

கேள்வி:
சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் எங்களோடு தொல்லியல் முதுகலை படித்த நண்பர் சென்ற மாதம் காலமானார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயினும் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துக் கோயில்களுக்குச் சென்று கல்வெட்டுகளைப் படித்துக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். அவர் பெயரில் நினைவு மலர் வெளியிடுவதா, துறையில் அறக்கட்டளைச் சொற்பொழிவு ஏற்படுத்துவதா என்று யோசிக்கிறோம். அவரோடு பழகியவர்கள் கருத்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

வகுப்புத் தோழர், திருவல்லிக்கேணி:
செய்தி அறிந்து மனம் கனத்துப் போனது. உத்திரமேரூருக்குச் சென்றிருந்தபோது, குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு நாங்கள் நிழலுக்கு ஒதுங்கிவிட்டோம். அவரோ சுவரை விட்டு நகராமல் வரிவரியாக வாய்விட்டு வாசித்து, ஊர்ச்சபையின் குழுவான வாரியத்தில் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்ற பகுதி வந்ததும் எங்களைக் கூவி அழைத்தார். கல்வெட்டின் எழுத்துகளைத் தாளில் மையால் பதித்து மைப்படி எடுப்பதிலும் அவர் கை தனி. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, ஈரம் முழுதும் உலர்வதற்கு முன் மை ஒற்றுவார்; அதுவரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். மலர் என்றால் புகழுரைகளே நிறையும். அது அவர் இயல்புக்குப் பொருந்தாது.

இளைய மாணவர், தாம்பரம்:
கல்வெட்டுகளில் வடமொழிப் பகுதிகளை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தை எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணன்தான். சொற்பொழிவுக்கான வைப்புத்தொகையைப் பிறகு திரட்டிக்கொள்ளலாம். குறிப்பேடுகளை முதலில் காப்பாற்றுங்கள். திருப்பணிகளின்போது மணல் வீசிச் சுத்தம் செய்ததில் தமிழகக் கோயில்கள் பலவற்றில் கல்வெட்டுகள் தேய்ந்துவிட்டன. அண்ணன் படித்தவற்றுள் அப்படி அழிந்தது ஒன்று இருந்தாலும், அவர் படித்துக் கையால் எழுதிய வாசகம்தான் இனி அதற்குச் சான்று. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் மின்பதிவு செய்து பாதுகாத்து வருகிறது. அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அவருடைய துணைவியாரிடம் பேசினேன்; முழு மனத்துடன் இசைந்தார். மலர் யோசனையைக் கைவிடுகிறோம். குறிப்பேடுகள் குரோம்பேட்டை வீட்டில் பரணில் இருக்கின்றன. மழைக்காலத்துக்கு முன் அவற்றை இறக்கி, ஊர்வாரியாகப் பட்டியலிட வேண்டும். வரும் ஞாயிறு காலை தாம்பரம் தம்பி வர இயலுமா? கிரந்தப் பகுதிகளை அடையாளம் காண எங்களுள் வேறு ஆள் இல்லை.