தோல் கிழியாமல் மெஷினில் இறகு எடுப்பது எப்படி?

வணக்கம். வீட்டுத் தேவைக்குக் கோழி வளர்க்கிறேன். இத்தனை நாள் கையால்தான் இறகு பிடுங்கினோம். இப்போது உள்ளே ரப்பர் விரல்கள் வைத்த டிரம் மெஷின் வாங்கியிருக்கிறோம். முதல் நாளே சொதப்பல். இரண்டு இளங்கோழிகளுக்குத் தொடைப் பக்கம் தோல் கிழிந்து தொங்கியது, ஒன்றுக்கு இறக்கை எலும்பே முறிந்துவிட்டது. அடுத்துப் போட்ட கிழட்டுச் சேவலுக்கோ வால் இறகு அசையவே இல்லை!

வெந்நீரில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, 65 டிகிரியில் ஒரு நிமிடத்துக்கு மேல் முக்கினேன். கால் தோல் சுலபமாக உரிந்தது, அதை நம்பித்தான் டிரம்மில் போட்டேன். இளங்கோழிக்கு 60 டிகிரி போதுமா? சேவலுக்குச் சூட்டைக் கூட்டவா, நேரத்தைக் கூட்டவா?

அப்புறம், மெஷின் ஓடும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? நான் விட்டு விட்டு ஊற்றினேன். ஈர இறகு அடித்தட்டின் இடுக்கில் அடைத்துக்கொண்டது. எத்தனை விநாடி ஓட்டுகிறீர்கள்? நான் 30 வரை போனேன், அதிகமோ?

முள் இறகை (தோலில் அப்போதுதான் முளைத்து வரும் குட்டி இறகு) எப்படியும் கையால்தான் எடுக்க வேண்டும், அது பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஆறு கோழி இருக்கிறது, அனுபவமுள்ளவர்கள் அதற்குள் சொன்னால் நல்லது.