புதுப்பிப்பு: தோட்டக் கல்யாணத்துக்கு இளம்பச்சை அலங்காரம்

பிஸ்தா பச்சை, வெள்ளை, சந்தன நிறம் மூன்றை மட்டும் வைத்துப் புல்வெளியில் மணமேடை அமைப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். நிறம் ஏன் வெளிறுகிறது, இலை ஏன் வாடுகிறது என்று கேட்டவர்களுக்காக இது.

பிஸ்தா துணியை மரங்களுக்கு முன்னால் நேரடியாகத் தொங்கவிட்டால், பின்னாலுள்ள அடர்பச்சை அதை அழுக்கு வெள்ளையாகக் காட்டும். முதலில் சந்தன நிறத் துணி ஓர் அடுக்கு, அதன்மேல் பிஸ்தா. மாலை வரவேற்பு என்றால் 2700 கெல்வின் (கெல்வின் என்பது விளக்கொளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு) விளக்கு துணியை மஞ்சளாக்கிவிடும். வெள்ளையாக ஒளிரும் 4000 கெல்வின் போடுங்கள். பச்சை விளக்கு வேண்டவே வேண்டாம், மணமக்கள் முகம் களையிழந்துவிடும்.

யூகலிப்டஸ் கிளைகளின் அடிக்காம்பைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, இரவு முழுக்க வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். பூ செருகும் ஃபோமை (நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு போன்ற கட்டி) கையால் அழுத்தாமல் தண்ணீரில் தானாக மூழ்கவிடுவது முக்கியம்; அழுத்தினால் நடுவில் காற்று தங்கி, அங்கே செருகிய காம்புக்குத் தண்ணீர் கிடைக்காது. குருத்தோலைத் தோரணங்களை ஈரத்துணியில் சுற்றிவைத்து, கடைசியாகக் கட்டுங்கள். மரிக்கொழுந்து வெயில் தாங்காது, நிழலான மேடையோரம் மட்டும் போதும். வெயிலடிக்கும் நுழைவாயிலுக்கு மாவிலையே சரி.