வட்டிக்குக் கொடுப்பவரின் காணிக்கையும் நெகேமியா 5ஆம் அதிகாரமும்

கேள்வி:
கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, எங்கள் சபையில் ஆலயக் கட்டட நிதிக்குத் தாராளமாகக் கொடுக்கும் ஒருவர், அதே சபையின் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் பத்து வட்டிக்குக் கடன் கொடுத்து வருகிறார். வேதபாட வகுப்பில் இதைப் பற்றிக் கேட்டேன். வட்டியைக் குறித்த கட்டளைகள் இஸ்ரவேலருக்கே உரியவை, நாம் மோசேயின் நியாயப்பிரமாணச் சட்டத்தின் கீழ் அல்ல, கிருபையின் கீழ் இருக்கிறோம் என்றார்கள். தாலந்து உவமையில், தன் பணத்தைப் புதைத்து வைத்த ஊழியனிடம் அதை வட்டிக்காவது போட்டிருக்கலாமே என்று எஜமான் கேட்பதாக ஆண்டவரே சொல்லவில்லையா என்றும் கேட்டார்கள். வேதம் பேசும் நீதிக்கும் இந்தக் கடனுக்கும் தொடர்பே இல்லையா?

மறுமொழி 1:
சகோதரரே, நெகேமியா 5ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். எருசலேமின் அலங்கம் (நகர மதில்) கட்டப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், பஞ்சத்தில் தானியம் வாங்கவும் பெர்சிய ராஜாவுக்குத் தீர்வை செலுத்தவும் வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் அடகு வைத்த மக்கள், தங்கள் பிள்ளைகளே அடிமைகளாகப் போகிறார்கள் என்று கூக்குரலிட்டார்கள். கடன் கொடுத்திருந்தவர்கள் அந்நியர் அல்லர். சொந்த ஜனத்தின் பிரபுக்களும் அதிகாரிகளும்தான். தேவனுக்கான கட்டட வேலை முதலில் முடியட்டும் என்று அந்த வேலையை நடத்திய அதிபதி நெகேமியா காத்திருக்கவில்லை. பெரிய சபையைக் கூட்டி, அவர்களை வெளிப்படையாகக் கடிந்துகொண்டு, நிலங்களையும் வாங்கிய வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஆசாரியர்களை அழைத்து ஆணையிடவும் வைத்தார். தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்திருப்பதை அவர் மறைக்கவில்லை என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

மறுமொழி 2:
ஒரு எச்சரிக்கை தேவை. எல்லா வட்டியையும் பாவம் என்று சொல்லிவிட முடியாது. உபாகமம் 23:20 அந்நியனிடம் வட்டி வாங்க அனுமதிக்கிறது, தொழிலுக்காக வங்கியில் வாங்கும் கடனும் வேறு வகையானது. யாத்திராகமம் 22:25 பேசுவது வயிற்றுப்பாட்டுக்காக ஏழை வாங்கும் கடனைப் பற்றி.

அந்த ஏழையின் மானத்தை நியாயப்பிரமாணம் எவ்வளவு நுணுக்கமாகக் காக்கிறது என்பதை உபாகமம் 24இல் காணலாம். அடகு வாங்க வருகிறவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அவன் வெளியே நிற்க, கடன்பட்டவனே அடகைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஏழையின் போர்வையைப் பொழுது சாயும்போது திருப்பித் தர வேண்டும். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கவே கூடாது, ஏனெனில் அது அவன் ஜீவனம். நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்ததைப் படித்தபோது எனக்கு இந்த அதிகாரமே நினைவுக்கு வந்தது. உலகச் சட்டமே இவ்வளவு கவனிக்கும்போது, கிருபையின் பெயரால் சபை அதைவிடக் குறைவாகக் கவனிப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

மறுமொழி 3:
தாலந்து உவமை ஏழைக்கு வட்டிக்குக் கொடுக்க உத்தரவு தரவில்லை. உவமையில் வருகிறவர் செய்வதெல்லாம் நமக்குக் கட்டளை ஆகாது; லூக்கா 18இல் வரும் அநீதியுள்ள நியாயாதிபதியை யாரும் முன்மாதிரியாகக் கொள்வதில்லையே. ஆண்டவர் நேரடியாகப் போதித்தது லூக்கா 6:35இல் இருக்கிறது: திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பாராமல் கடன் கொடுங்கள். இயேசுவைச் சந்தித்து மனந்திரும்பிய வரி வசூலிப்பவனான சகேயுவும் ஆலயத்துக்குக் காணிக்கை அனுப்பி முடித்துக்கொள்ளவில்லை. அநியாயமாய் வாங்கியதை, வாங்கியவர்களுக்கே நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருவதாகச் சொன்னான்.

தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டமும் இருப்பதால், போதகர் முதலில் அந்தச் சகோதரரைத் தனியே சந்தித்துப் பேசட்டும். வட்டியை நிறுத்தி, மிகுதியாக வாங்கியதைக் கடன்பட்ட குடும்பங்களுக்கு அவர் திருப்பித் தரும்வரை, கட்டட நிதிக்கு அவருடைய பணத்தைச் சபை வாங்காதிருப்பதே சரி.