60 செ.மீ. தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த மீன்களை விடலாமா?

புதுத்தொட்டி:
வணக்கம் நண்பர்களே. நீளம் 60, அகலம் 30, உயரம் 30 செ.மீ. கண்ணாடித் தொட்டி. அடியில் பொடிச் சரளை, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், இரண்டு அனுபியஸ் செடி, ஒரு ஜாவா ஃபெர்ன் செடி. போன வாரம் தண்ணீர் நிரப்பி ஃபில்டரைப் போட்டுவிட்டேன், தண்ணீர் இப்போது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. பிஹெச் 7.6, பொதுக் கடினத்தன்மை 14 டிகிரி. ஹீட்டர் 25-இல் நிற்கிறது. நான் நினைத்திருப்பது: தங்கமீன் 2, ஏஞ்சல் 1, நியான் டெட்ரா 8, கப்பி ஒரு ஜோடி, பாசி தின்ன ஒரு சக்கர் மீன். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி விட்டுவிடலாமா, இல்லை பிரித்துப் பிரித்து விட வேண்டுமா?

பாசிப்பச்சை:
தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் தொட்டி தயாராக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மீன் மூச்சுவிடும்போது செவுள் வழியாகவே அம்மோனியா வெளியேறும், மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி இன்னும் சேர்க்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அளவாக இருந்தால் தாங்கிக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் சரளையிலும் ஒட்டி வளர்பவை, மெதுவாகத்தான் பெருகும், வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அவற்றுக்கு உணவே அம்மோனியாதான். அதனால் வெறும் தண்ணீரில் ஃபில்டர் எத்தனை நாள் ஓடினாலும் எதுவும் நடக்காது.

திரவ டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை கொண்டுவாருங்கள். பெரும்பாலான கிட்களில் அம்மோனியா இருந்தால் சோதனைக் குழாயில் மஞ்சள் மெல்லப் பச்சையாகத் திரும்பும், இல்லையென்றால் மஞ்சளாகவே நிற்கும். சில நாட்கள் பச்சை அசையாது, அப்புறம் இறங்க ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் நைட்ரைட் ஏறும். குறையக் குறைய அம்மோனியாவை மறுபடி கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் வளர்ந்த பாக்டீரியா பட்டினியில் போய்விடும். நீங்கள் விட்ட 2 மில்லிகிராம் 24 மணி நேரத்தில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பெரிய அளவில் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன் விடலாம்.

இன்னொன்று, அனுபியஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டிலும் வேர் கிளம்பும் அந்தத் தடித்த தண்டைச் சரளைக்குள் புதைத்திருந்தால் வெளியே எடுங்கள், அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

வால்துடுப்பு:
சைக்கிள் பற்றி, அதாவது பாக்டீரியாவை வளர்த்துத் தொட்டியைத் தயார் செய்வது பற்றி, மேலே சொன்னதெல்லாம் சரி. எனக்குக் கவலை உங்கள் பட்டியல்தான். தங்கமீன் குளிர்ந்த தண்ணீரில் நன்றாக இருக்கும், கழிவும் அதிகம், ஃபேன்சி வகைகளே 15 செ.மீ.க்கு மேல் போகும். ஏஞ்சல் துடுப்போடு சேர்த்து 20 செ.மீ. உயரம் வரும், உங்கள் தொட்டியின் மொத்த உயரமே 30தான், தவிர வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் டெட்ரா தீனி. சக்கர் மீனைத் தயவுசெய்து வாங்கவே வாங்காதீர்கள். விரல் நீளத்தில் விற்பார்கள், வளர்ந்தால் 30 செ.மீ.க்கு மேல், பாசியைத் தின்பதைவிடக் கழிவுதான் அதிகம் போடும். பாசிக்கு நெரைட் நத்தை ஒன்றிரண்டு போதும், உப்பில்லாத நன்னீரில் அவை பெருகுவதில்லை.

கணக்குப்படி 54 லிட்டர், சரளையும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் அளவில்தான் தண்ணீர் இருக்கும். 14 டிகிரி என்பது கடினமான தண்ணீர். நியானுக்கு மென்மையான, சற்றே அமிலத் தண்ணீர்தான் பிடிக்கும். கப்பிக்கோ உங்கள் குழாய்த் தண்ணீர் அப்படியே பொருந்துகிறது. தண்ணீரை மாற்றுவதைவிட, இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆண் கப்பி மட்டும் 6, அதோடு நெரைட். ஜோடியாக வாங்கினால் ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஆண் இல்லாத தொட்டியில்கூட, ஏற்கெனவே சேர்ந்த பெண் மீன் மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

புதுத்தொட்டி:
மிக்க நன்றி. ஏஞ்சலை விடத்தான் மனசு வரவில்லை, ஆனால் உயரக் கணக்கைப் பார்த்தபின் வேறு வழியில்லை. 6 ஆண் கப்பி என்றே முடிவு செய்கிறேன். வீட்டில் குழந்தைகள் தினமும் மீன் எங்கே என்று கேட்கிறார்கள், இரண்டு கப்பியை இப்போதே விட்டு அவற்றை வைத்தே சைக்கிள் செய்யக் கூடாதா?

கல்லும்செடியும்:
செய்யலாம், பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். இரண்டே மீன், மிகக் குறைந்த தீனி, தினமும் டெஸ்ட், அம்மோனியாவோ நைட்ரைட்டோ தலைகாட்டினால் அன்றே தண்ணீர் மாற்றுவது என்று ஒழுங்காக இருந்தால் நடக்கும்.

பாசிப்பச்சை:
நான் உடன்படவில்லை. அம்மோனியாவின் நச்சு வடிவம் பிஹெச் ஒரு படி ஏறினால் ஏறக்குறைய பத்து மடங்காகும், இவருடைய தண்ணீர் 7.6. அளவு கொஞ்சம் ஏறினாலே மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்துவிடும். குழந்தைகள் முதலில் பார்ப்பது அதுவாக இருக்க வேண்டாம். சீக்கிரம் ஆக வேண்டுமென்றால், நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள், ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரோடு வையுங்கள், காத்திருப்பு நன்றாகவே குறையும். தினமும் அந்தச் சோதனைக் குழாயின் நிறத்தைக் குழந்தைகளையே பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

வால்துடுப்பு:
ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும். வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றும்போது குளோரின் நீக்கி மருந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் போகும், சில இடங்களில் குளோரினுக்குப் பதில் கலக்கும் குளோரமைன் போகாது. மீன் வந்ததும் விளக்கை அணைத்து, பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் விட்டுப் பழக்கி, வலையால் மீனை மட்டும் தொட்டிக்கு மாற்றுங்கள். பைத் தண்ணீரை உள்ளே ஊற்ற வேண்டாம்.