ஓவர்ஸ்டே: மிகைத்தங்கலா, கெடுமீறலா, நிலுவையா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு நாட்டில் இருக்க அனுமதித்த நாளைத் தாண்டித் தங்குவதுதான் ஓவர்ஸ்டே. அதற்கும் அதையொட்டிய சொற்களுக்கும் தமிழில் என்ன போடலாம் என்று வந்த யோசனைகளை மேலே வைத்து, கீழே என் பதிலை எழுதுகிறேன்.

> ஓவர்ஸ்டே என்பதற்கு 'விசா மீறல்' என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். விசாவில் அச்சிட்டிருக்கும் தேதி, அந்த நாட்டு வாசலில் போய் நிற்பதற்கான கடைசி நாள். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது வாசலில்தான் முடிவாகிறது. பத்தாண்டு சுற்றுலா விசாவோடு அமெரிக்கா போகிறவருக்கும் அதிகாரி பெரும்பாலும் ஆறு மாதம்தான் தருவார். அந்தத் தேதி ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். பத்தாண்டு இருக்கிறதே என்று எட்டாம் மாதமும் தங்கினால் மாட்டிக்கொள்வார். இன்னொருவருக்கு விசா அடுத்த வாரம் முடிகிறது. இன்று உள்ளே விட்டு ஆறு மாதம் எழுதிக் கொடுத்தால் ஆறு மாதமும் தாராளமாக இருக்கலாம். 'விசா மீறல்' என்ற சொல் முதல் ஆளைத் தைரியப்படுத்தும், இரண்டாம் ஆளைப் பயமுறுத்தும்.

விசாவுக்கு 'நுழைவிசைவு' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. நுழைவதற்குத்தான் இசைவு, தங்குவதற்கு அல்ல. அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

> அப்படியானால் 'மிகைத்தங்கல்'?

'ஓவர்' வந்த இடத்திலெல்லாம் 'மிகை'யை ஒட்டும் பழக்கத்தில் வந்த சொல் இது. எதைவிட மிகை என்று சொல் சொல்வதில்லை. 'அவர் மிகைத்தங்கினார்' என்று யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா? எனக்கு 'கெடு' பிடித்திருக்கிறது. கெடு வைத்தார்கள், கெடு முடிந்தது, கெடு தாண்டிவிட்டது என்று தினமும் புழங்கும் சொல். இருக்க அனுமதித்த கடைசி நாள் 'தங்குகெடு'. அதைத் தாண்டி இருப்பது 'கெடுமீறல்'. கெடு மீறினார், கெடுமீறியவர் என்று வினையும் பெயரும் தடங்கலில்லாமல் வருகின்றன. 'கெடு' என்றால் கெட்டுப்போவது என்ற பொருளும் வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். 'தங்கு' முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

இந்தச் சொல்லில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் 1996 சட்டப்படி, முறையற்ற தங்கல் 180 நாளைத் தாண்டி ஓராண்டுக்குள் வெளியேறினால் 3 ஆண்டு திரும்ப வரத் தடை. ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு. அப்படிப்பட்ட விளைவு தொங்கும் சொல் துல்லியமாக இருக்க வேண்டாமா?

> என்ட்ரி, எக்ஸிட்: நுழைவு, வெளியேற்றம்.

நுழைவு சரி. 'வெளியேற்றம்' கூடவே கூடாது. வெளியேறுவது வேறு, வெளியேற்றுவது வேறு. 'வெளியேற்றப் பதிவு' என்று படிவத்தில் பார்க்கும் பெரியவர், தம்மைத் துரத்திவிட்டதாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைப்பார். நாடுகடத்தலுக்கு அந்தச் சொல் தேவைப்படும், அதற்கே விட்டுவிடுவோம். இலங்கைத் திணைக்களத்தின் பெயரில் இருக்கும் 'குடியகல்வு' அழகான சொல். ஆனால் மூன்று வாரம் பார்க்க வந்தவர் குடியிருக்கவே இல்லையே, எப்படிக் குடியகல்வார்? 'வெளியேறல்' போதும்.

முதலில் எனக்குத் தோன்றியது வரவு, செலவு. சங்கப் பாட்டில் செலவு என்றால் போதல்தான். இன்று போட்டால் கணக்குப் புத்தகம் என்று நினைப்பார்கள் என்று விட்டுவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நுழைவையும் வெளியேறலையும் பதியும் அமைப்புகள் நடப்பதே பேரேடு மாதிரிதான். அமெரிக்க விமான நிலையங்களில் கிளம்பும்போது முத்திரை குத்தும் குடிவரவு மேசை கிடையாது. விமான நிறுவனம் பயணிகள் பட்டியலை அனுப்புகிறது, கணினி அதை வருகைப் பதிவோடு பொருத்துகிறது. கனடாவோடு தரை எல்லைப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அங்கே நுழைந்த பதிவு இங்கே வெளியேறிய பதிவாக ஏறும். பொருந்தாத பதிவு பாக்கி நிற்கும். வந்தது ஒரு பாஸ்போர்ட்டில், போனது புதுப்பித்த பாஸ்போர்ட்டில் என்றால் பொருத்தம் தவறலாம். குடும்பப்பெயர் இல்லாத நம் பெயர்கள் ஒரு பட்டியலில் முன்னும் இன்னொன்றில் பின்னும் ஏறினாலும் அப்படித்தான்.

அந்தப் பாக்கிப் பதிவுக்குத்தான் எனக்கு இன்னொரு சொல் வேண்டும்.

வருகைப் பதிவைக் காகித அட்டையாகக் கொடுத்து, வெளியேறும்போது திரும்ப வாங்கிக்கொண்ட காலத்தில் என் பெரியம்மா ஒரு நாட்டுக்குப் போனார். தரைவழியாகப் பக்கத்து நாட்டுக்குக் கடந்து, அங்கிருந்து விமானம் ஏறி வீடு திரும்பினார். கெடுவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆனால் எல்லையில் யாரும் அட்டையைக் கேட்கவில்லை. அது பாஸ்போர்ட்டில் பின் அடித்தபடியே வந்துவிட்டது. அடுத்த முறை விசா நேர்காணலில், 'போன தடவை ஏன் திரும்பவில்லை?' என்று கேட்டார்கள். திரும்பிவந்து எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்ட கேள்வி அது. பழைய போர்டிங் பாஸின் அடிக்கட்டை, பக்கத்து நாட்டின் நுழைவு முத்திரை என்று தேடி எடுத்துக் காட்டி நேராக்குவதற்குள் அந்த ஆண்டு கல்யாணத்துக்குப் போக முடியாமல் போயிற்று. அவர் கெடு மீறவில்லை. அவர் பேரில் ஒரு பதிவு நிலுவையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே 'வெளியேறல் நிலுவை'. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆண்டறிக்கையும் இதைப் பிரித்தே எழுதுகிறது: தாமதமாகக் கிளம்பியவர்கள் ஒரு கணக்கு, வெளியேறிய பதிவு கிடைக்காமல், உள்ளே இருப்பதாகச் 'சந்தேகிக்கப்படுபவர்கள்' இன்னொரு கணக்கு. முதல் வகைக்குக் கெடுமீறல். இரண்டாம் வகைக்கு நிலுவை. இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால் சந்தேகம் குற்றமாகிவிடும்.

தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் மின்பதிவு தொடங்கியிருக்கிறது. முகப்படம், கைரேகை, நுழைந்த நாள், வெளியேறிய நாள் எல்லாம் ஏறும். எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கைக் கணினியே போட்டு, தாண்டியவர் பட்டியலைத் தானே எடுக்கும். சாதாரணப் பதிவு 3 ஆண்டு இருக்கும், வெளியேறல் பதிவு இல்லாதது 5 ஆண்டு. இதைப் பற்றித் தமிழில் எழுதப்போகிறவர்களுக்கு 'நிலுவை' உடனே தேவைப்படும்.

> சரி, 'நிலுவைப் பயணி' என்று சுருக்கலாமா?

வேண்டாம். நிலுவையில் இருப்பது பதிவுதான், ஆள் அல்ல. 'நிலுவைப் பதிவு' என்றால் எனக்குச் சம்மதம்.

இலங்கை, மலேசிய நண்பர்கள் அங்கே 'கெடு' இந்தப் பொருளில் புழங்குகிறதா என்று சொல்லுங்கள். அங்கே 'தவணை'தான் எளிது என்றால் 'தவணைமீறல்' என்று மாற்றிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.